படம் வராத பக்கம்

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லத் தொடங்கிய காலத்திலிருந்தே எனக்கு இதில் சந்தேகமும் உண்டு. சந்தேகத்தை உள்ளே வைத்துக்கொண்டேதான் பல வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதை முதலிலேயே உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது. இந்த பஸ்ஸில் மதுரை வரை பக்கத்தில் உட்கார்ந்து வரப்போகிறவர் நீங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. "வெப் பேஜ் பண்ண ஆன்லைன்ல சொல்லித் தர்றீங்க, சரி. அதைக் கத்துக்கிட்டு யாருக்கு சார் என்ன பிரயோஜனம்?" ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாள் யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் செய்வார். இப்படி நேராகக் கேட்கமாட்டார்கள். "இதுக்கு வேலை கிடைக்குமா சார்" என்பார்கள். "இந்த வயசுல எனக்கு ஏறுமா" என்பார்கள். எல்லாம் ஒரே கேள்விதான். அப்போது நான் அமலோற்பவத்தின் கதையைச் சொல்வேன். என்னிடம் படித்த ஒரு பெண், தான் செய்த முதல் வலைப்பக்கத்தாலேயே காணாமல்போன தம்பியைக் கண்டுபிடித்தார் என்று. சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு.

இன்று அந்த அமலோற்பவத்தின் வீட்டுக்குத்தான் போய்விட்டு வருகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரை ஊர். இன்று வரை அவருடைய முகத்தை நான் பார்த்ததில்லை. ஆன்லைன் வகுப்பில் யாரும் கேமராவைப் போடுவதில்லை. கல்லூரியில் இருந்தபோது முகங்களைப் பார்த்துப் பாடம் நடத்தியவன் நான். புரிந்ததா இல்லையா என்று நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது திரையில் கட்டம் கட்டமாகப் பெயர்கள். குரலை வைத்துத்தான் ஆளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நிமிஷம், போன். இல்லை, எடுக்க வேண்டாம், அடித்து ஓயட்டும். என் தம்பிதான். காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா வீட்டைப் பிரித்ததில் ஒரு மனத்தாங்கல், ரொம்ப நாளாகப் பேச்சில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். அதனால் ஒன்றும் அவசரமில்லை. எதில் விட்டேன்? குரல்.

அமலோற்பவத்தின் குரல் எல்லோருக்கும் பிடிக்கும். பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதம் வந்து படுத்த தாயாரை அவர்தான் பார்த்துக்கொண்டார். வகுப்பு நடக்கும்போது மைக்கை அணைக்க மறந்துவிடுவார். அப்போது பின்னாலிருந்து குழறலாக ஒரு குரல் கேட்கும்.

"மிக்கேலு வந்துட்டானா?"

"வருவாம்மா. நீ கஞ்சியக் குடி."

"அவன் வரட்டு. வந்தப்பொறவு குடிக்கேன்."

வகுப்பு முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவரே பதறி, "மன்னிச்சிருங்க சார், அம்மை" என்று மைக்கை அணைப்பார். மிக்கேல் யார் என்று நான் கேட்கவில்லை. அவராகத்தான் ஒருநாள் வகுப்பு முடிந்தபின் சொன்னார். தம்பி. படகு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். மனசு சரியில்லாமல் போயிற்று. ஒருநாள் பஸ் ஏறிப் போனவன் திரும்பவில்லை. அதெல்லாம் வெகு காலம் முன்பு. இப்போது அந்த அம்மாளுக்கு நினைவு முன்னுக்குப் பின்னாகிவிட்டது. மகன் வந்தால்தான் சாப்பிடுவேன் என்கிறார். உடம்பு எலும்பாகிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"ஒரு பக்கம் செஞ்சி போட்டா யாராச்சும் பாப்பாவல்லா சார்?" என்று கேட்டார்.

"நிச்சயமா" என்றேன். வேறு என்ன சொல்வேன்? நான் விற்கிற சரக்கே அதுதான்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு சின்ன விஷயம் விளங்க வேண்டும். கஷ்டமானது இல்லை. வலைப்பக்கத்தில் படம் போடுவது காகிதத்தில் ஒட்டுவது மாதிரி இல்லை. படம் இன்ன இடத்தில் இருக்கிறது, அங்கே போய் எடுத்துக்கொள் என்று பக்கத்துக்கு ஒரு முகவரி சொல்ல வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு, தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் இருக்கிற இடத்தையே முகவரியாகக் கொடுத்துவிடுவது. அவர்கள் திறந்து பார்த்தால் படம் பளிச்சென்று தெரியும். உலகத்தில் வேறு யார் திறந்தாலும் தெரியாது. ஒரு காலிக் கட்டம் வரும், அவ்வளவுதான். செய்தவருக்கு மட்டும் அந்தக் குறை கண்ணில் படவே படாது.

அந்த வகுப்பில் பொன்னுரங்கம் என்று ஒருவர் இருந்தார். அரக்கோணத்துக்காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பேரன் படத்தைப் போட்டு ஒரு பக்கம் செய்திருந்தார். படம் வரவில்லை என்றேன்.

"வருதே சார்! மொட்டைத் தலையோட சிரிக்கிறான். உங்களுக்குத் தெரியலையா? கண்ணாடியை மாத்துங்க சார்."

வகுப்பே சிரித்தது. நான் விளக்கிப் பார்த்தேன், அவருக்கு ஏறவில்லை. என் கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னார். அப்போது அமலோற்பவம்தான் குறுக்கே வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு பீரோவுல இருக்க சட்டைய, எங்க வீட்டு சன்னல் வழியாப் பாருங்கன்னா நாங்க எப்படிப் பாக்க?"

"ஓ" என்றார் பொன்னுரங்கம். "பீரோவைத் தெருவுல வெக்கணும்ன்றே."

"பீரோ வேண்டாம் அண்ணாச்சி. சட்டைய மட்டும் கொடியில போடுங்க."

இருபது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு இந்த உவமை தோன்றவில்லை பாருங்கள். அன்றிலிருந்து இதைத்தான் நானும் சொல்லி வருகிறேன். யாருடைய பக்கத்தில் படம் வராவிட்டாலும் அவரே முந்திக்கொண்டு, "கொடியில போடுங்க" என்பார். அந்த வகுப்பில் அந்தத் தவறைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

கடைசி வாரம் அவர் தன் பக்கத்தை ஏற்றினார். திறந்து பார்த்தேன். "காணவில்லை" என்று தலைப்பு. கீழே காலிக் கட்டம்.

படம் வராவிட்டால் அந்த இடத்தில் தெரிவதற்கென்று சில வார்த்தைகளை எழுதி வைக்கலாம். கண் தெரியாதவர்களுக்கு உதவும், கட்டாயம் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். அவர் எழுதியிருந்தார். அதனால் காலிக் கட்டத்துக்குள் "என் தம்பி" என்று மட்டும் இருந்தது.

கீழே அடையாளங்கள். பெயர் மிக்கேல். நடுத்தர உயரம். மாநிறம். காலில் தழும்பு உண்டு. அதிகம் பேசமாட்டான். கூப்பிட்டால் சிரிப்பான். நான் இதை அப்புறம் எத்தனையோ தடவை படித்துப் பார்த்திருக்கிறேன். பெயரை எடுத்துவிட்டால் எனக்கே பொருந்தும். கடற்கரையில் காலில் தழும்பு இல்லாத ஆம்பிளை யார்?

ஆனால் அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. ஊருக்கு உபதேசம் செய்தவரே வழுக்கிவிட்டார் என்று நினைத்தேன். அவசரம், மனக்கஷ்டம், யாருக்கும் நேர்வதுதான். "படம் உங்கள் பீரோவிலேயே இருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். "சரி பண்ணிருதேன் சார்" என்று பதில் வந்தது.

வகுப்பு முடிந்தது. அடுத்த வகுப்பு தொடங்கியது. ஒருநாள் போன் வந்தது.

"சார், தம்பி கெடச்சிட்டான்."

வேலூர்ப் பக்கம் ஒரு காப்பகத்தில் இருந்தானாம். தெருவில் திரிகிறவர்களை அழைத்துவந்து வைத்துக்கொள்ளும் இடம். அங்கே யாரோ இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் போய் அழைத்து வந்துவிட்டார்.

"எல்லாம் நீங்க சொல்லித் தந்ததுதான் சார். அம்மை அன்னைக்கே ரெண்டு இட்லி தின்னுட்டா. அவன் கையால ஊட்டி."

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். கல்லூரி வேலை போய், வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து பெயர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த எனக்கு, செய்கிற வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று கடவுளே போன் செய்த மாதிரி இருந்தது. அந்த வாரமே புது வகுப்பில் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, ஆதாரமாகக் காட்டலாமே என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

காலிக் கட்டம். "என் தம்பி."

ஒரு பெண் கேட்டாள். "சார், படமே இல்லையே, அப்புறம் எப்படி அவர்தான்னு கண்டுபிடிச்சாங்க?"

"அடையாளம் எழுதியிருக்குல்ல" என்றேன். குரல் எனக்கே சரியாகப் படவில்லை. அடுத்த வகுப்புகளில் பக்கத்தைக் காட்டாமல் கதையை மட்டும் சொன்னேன்.

ஆனால் தனியாக இருக்கும்போது திறந்து பார்ப்பேன். என்றைக்காவது சரி செய்திருப்பார் என்று. செய்யவில்லை. தம்பி கிடைத்துவிட்ட பிறகு படம் எதற்கு என்று விட்டிருக்கலாம். சரி, அப்படியானால் பக்கத்தையே எடுத்திருக்க வேண்டுமே? கிடைத்துவிட்டார் என்று ஒரு வரியாவது போட்டிருக்கலாமே? நான்கைந்து வருஷம் இப்படியே போயிற்று. யோசிப்பேன், பிறகு விட்டுவிடுவேன். படத்தைப் பார்க்காமல் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். வார்த்தைகளை மட்டும் வைத்து ஒரு ஆள் வந்திருக்கிறார். அந்த வீட்டில் இருப்பது யார்? இதை நான் கேட்கலாமா? கேட்க எனக்கு என்ன உரிமை? ஒரு தாய் சாப்பிடுகிறாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அப்படியும் நினைப்பேன். அடுத்த நிமிஷமே, நான் வகுப்புக்கு வகுப்பு சொல்வது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்றும் நினைப்பேன்.

மறுபடியும் போன், என் தம்பிதான். பாருங்கள், மனிதனுக்கு ஒரு இங்கிதம் வேண்டும். எடுக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே. போனை அணைத்தே வைத்துவிடுகிறேன்.

போன சித்திரையில் அமலோற்பவத்திடமிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மை இறந்துவிட்டார். நான் ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி, கைகூப்புகிற பொம்மை ஒன்றையும் போட்டேன். அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இந்த மாதம் புது வகுப்பு. கதையைச் சொன்னேன். ஒரு பையன், "சார் லிங்க் குடுங்க, பாக்குறோம்" என்று விடாப்பிடியாக நின்றான். சரி, பழைய தவறுக்கு உதாரணமாகவாவது இருக்கட்டும் என்று பக்கத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்தேன்.

படம் வந்தது.

கட்டம் போட்ட சட்டை. படகின் ஓரத்தில் உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஒரு இளைஞன். காது இரண்டும் விரிந்து நின்றன. இத்தனை வருஷம் கழித்து அந்த முகத்தை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

"சார், மியூட்ல இருக்கீங்க போல" என்றான் ஒருவன். நான் மியூட்டில் இல்லை.

அதற்குப் பிறகும் போகாமல் எப்படி இருப்பது? சொல்லாமல்தான் போனேன். சொன்னால் வர வேண்டாம் என்பார் என்று பயம். மாதா கோவிலுக்குப் பின் தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் ஒருவர் இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டைக் காது மறையக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடலும் தெருவும் பசியும் பதினைந்து இருபது வருஷத்தில் ஒரு முகத்தை என்னவெல்லாம் செய்யும்? எனக்குத் தெரியாது. காதை என்ன செய்யும்?

அமலோற்பவம் வெளியே வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். என் குரலைக் கேட்ட பிறகுதான் நான் யார் என்று அவருக்குத் தெரிந்தது.

"ஐயோ, சாரா! உள்ள வாங்க சார். இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க? மிக்கேலு, சார் வந்துருக்காவ. கடையில போயி கலர் வாங்கிட்டு வா. கூலிங்கா கேளு."

இறால் உரித்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு போனார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார் அமலோற்பவம். சுவரில் தாயாரின் படம், மாலையோடு. அடக்கத்தைப் பற்றிச் சொன்னார். பங்குச் சாமியார் வந்ததை, ஊரே திரண்டதைச் சொன்னார். "மொத மண்ணு போட்டது அவந்தான் சார். மவன் மொறைக்கு."

நான் தலையாட்டினேன். பிறகு சுற்றி வளைத்து, வகுப்பைப் பற்றி, பொன்னுரங்கத்தைப் பற்றி, பீரோவைப் பற்றிப் பேசினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்கிறவர் என்று சொன்னேனே.

"படத்தப் பத்திக் கேக்க வந்தீங்களா?"

"ஆமா" என்றேன்.

"படம் வரல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும்லா சார். நீங்கதான அடுத்தவங்க போன்ல தொறந்து பாருங்கன்னு சொல்லித் தந்தீங்க. தெரிஞ்ச டீச்சரு போன்ல தொறந்து பாத்தேன். கட்டமா வந்துச்சி. சரி பண்ணதான் உக்காந்தேன்."

"அப்புறம்?"

"அம்மை கூப்புட்டா. எந்திரிச்சிப் போயிட்டேன். மறுநா பண்ணலாம்னு இருந்தேன். மறுநாளும் பண்ணல."

"ஏன்?"

அவர் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வேலூர்லேருந்து பேசுனாவ சார். நீங்க எழுதுன மாதிரி இங்க ஒருத்தர் இருக்காரு, ஆனா படம் தெரியல, வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்புங்க, பாத்துட்டுச் சொல்லுதோம்னாவ."

"அனுப்பினீங்களா?"

"அனுப்பல. நேர்லயே வாரேன்னு சொல்லிட்டேன்."

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம்.

"போனதும் அவன் என்னையப் பாத்துச் சிரிச்சான் சார். அக்கா வந்துருக்கேன், வீட்டுக்குப் போவமான்னு கேட்டேன். வாரேன்னான். அங்க அத்தன பேரு இருந்தாவ. ஒருத்தரையும் கூப்புட ஒரு ஆளு இல்ல." அவர் தாயாரின் படத்தைப் பார்த்தார். "அம்மை அவன் தலையத் தடவிட்டு, இளச்சிட்டியேலேன்னா. அதுக்குப் பொறவு ஒருநாகூட சாப்பாடு வேண்டாங்கல. நாலு வருசம் இருந்தா சார். இவன்தான் தூக்கி, கழுவி, எல்லாம். பெத்த பிள்ளைகூட அப்படிப் பாக்காது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நானும் அதைக் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். நல்ல மனிதன் அங்கே எழுந்து, வருகிறேன் அம்மா என்று கிளம்பியிருப்பான். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டு வருகிறேன். ஆனால் படம் என் கண்ணிலேயே நின்றது. அந்த விரிந்த காது. தாயார் போன பிறகு ஒருநாள் இந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, பழைய முகவரியை அழித்து, அந்த முகத்தைக் கொடியில் போட்டிருக்கிறார். உலகம் முழுக்கப் பார்க்கும்படி.

"படத்தை இப்ப சரி பண்ணியிருக்கீங்க" என்றேன்.

"ஆமா சார்."

"காணவில்லைங்கிற தலைப்பு அப்படியே இருக்கு."

"ஆமா."

அதற்குள் கடைக்குப் போனவர் வந்துவிட்டார். பாட்டிலின் ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். "குடிங்க சார்" என்று சிரித்தார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்திருக்கலாம். அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார், வேறு ஏதாவது வேண்டுமா என்று பார்த்துக்கொண்டு. அப்போதுதான், இத்தனை வருஷம் கேட்காததை அமலோற்பவத்திடம் கேட்டேன்.

"இப்ப நீங்க யாரைத் தேடுறீங்க?"